வெருகல்ல 40 லட்சத்துக்கு புரொபோசல் கேக்கிறாங்க, என்னத்த எழுதுற?

ஈச்சிலம்பற்று அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை மாவட்டம் வெருகல் பிரதேசத்தில ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு செயலாளர், ஊர்ப்பேர் போடல்ல, போட்டா நாளைக்கே வாசலுக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க. எங்கட பக்கம் தெரிஞ்ச ஆக்களுக்கு கதை தெரியும், தெரியாத ஆக்களுக்காக சொல்லுறன். 2025 நவம்பர் கடைசில டித்வா புயலோட மகாவலி பெருக்கெடுத்து மாவிலாறு அணைக்கட்டு உடைஞ்சு மூதூர், சேருவில, வெருகல் எண்டு எல்லாம் தண்ணிக்குள்ள போனது. எங்கட வெள்ளாம அப்ப ஒரு மாசப் பயிர். தண்ணி வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தா வரம்பு எது வாய்க்கால் எது எண்டு தெரியல்ல, ஒரே மணல். வெயில்காலச் சிறுபோகத்துக்கெண்டு வீட்டுக்குள்ள எடுத்து வச்ச விதைநெல்லு மூட்டைக்குள்ளயே முளைச்சுப் போச்சு, தூக்கினா சாக்கு ஓட்டையால வெள்ளை வெள்ளையா வேர் தொங்குது, புளிச்ச மணம், அந்த மணம் ஒரு கிழமையா வீட்ட விட்டுப் போகல்ல.

இதே ஊர்தான் ஆடி ஆவணி வந்தா குடிதண்ணிக்கு பவுசர் வருதா எண்டு றோட்டப் பாத்துக்கொண்டு குடத்தோட நிக்கிறதும். அல்லை நீர்ப்பாசனத் திட்டத்துத் தண்ணி எங்களுக்கு வாய்க்காலின்ட கடைசில தான், மேல இருக்கிற ஆக்கள் எடுத்து முடிச்ச பிறகு எங்களுக்கு வாறது ஈரம் மட்டும். மழைக்காலத்தில எல்லாற்ற தண்ணியும் எங்களுக்கு, வெயில்காலத்தில ஒருத்தற்ற தண்ணியும் எங்களுக்கு இல்ல.

இப்ப விசயத்துக்கு வாறன். போன கிழமை ஒரு நிறுவனத்தால ரெண்டு பேர் வந்தாங்க, பேர் வேணாம். உணவுப் பாதுகாப்புக்கு ஒரு நிதி இருக்கு, வரட்சியாலயும் வெள்ளத்தாலயும் பாதிச்ச கிராமத்துக்கு 40 லட்சம் வரைக்கும் குடுக்கலாம், சங்கத்தால புரொபோசல் தாங்க எண்டு சொல்லிட்டு மூணு கிழமை டைம் தந்திட்டு போயிட்டாங்க. எங்கட சங்கத்தில 78 குடும்பம். கூட்டம் வச்சா ஒருத்தர் ஆடு வேணும் எண்டுறார், ஒருத்தர் குழாய்க்கிணறும் சோலர் பம்பும் எண்டுறார், ஒருத்தர் குளத்தத் திருத்துவம் எண்டுறார், தலைவி அக்கா பேசாம உலர் உணவுப் பொதியா கேட்டு வாங்கிப் பிரிச்சிருவம் ஒருத்தருக்கும் கோவம் வராது எண்டுறா. அவ சொல்லுறதிலயும் ஒரு ஞாயம் இருக்கு பாருங்க. ரெண்டரை மணித்தியாலம் கூட்டம் நடந்து கடைசில தேத்தண்ணி மட்டும் தான் முடிவானது.

இப்பிடியான காசு எடுத்து செஞ்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்க, என்னத்தக் கேட்டா உண்மையா அடுத்த வெள்ளத்துக்கும் அடுத்த வரட்சிக்கும் சோறு மிஞ்சும்?


பழைய பீல்ட் ஒபிசர்:

அக்கா, நான் சுனாமிக்குப் பிறகு மூதூர் பக்கம் ரெண்டு மூணு நிறுவனத்தில பீல்ட்ல நிண்டனான், இப்ப அந்த வேலையில இல்ல, அதால கொஞ்சம் வாய் திறந்து கதைக்கலாம்.

முதல்ல குளம் கதை. உங்கட ஆக்கள் சொல்லுற அந்தக் குளம் ஆருக்குச் சொந்தம் எண்டு பாத்திட்டீங்களா? 80 ஹெக்டேருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உள்பட்ட வயலுக்கு தண்ணி குடுக்கிற குளம் எண்டா அது சின்னக் குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு கீழ வரும், அங்க 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்துக்கு கீழ பதிஞ்ச கமக்கார அமைப்பு தான் கையெழுத்து வைக்கலாம். அதுக்கு மேல பெரிசு எண்டா நீர்ப்பாசனத் திணைக்களம். மாதர் சங்கம் தனிய போய் குளக்கட்டில மண்வெட்டி வைக்க ஏலாது. நீங்க புரொபோசல்ல குளம் எண்டு எழுதினா அவங்கட கடிதம் எடுக்கவே மூணு கிழமை முடிஞ்சிரும், கடிதம் வந்தாலும் எஸ்டிமேட் வரும், எஸ்டிமேட் வந்தா 40 லட்சம் துரிசு (குளத்து மதகு) ஒண்டுக்கே காணாது எண்டு தெரியவரும்.

குளம் திருத்துற காசு வேற வழியால வாறது. உதாரணத்துக்கு பசுமைக் காலநிலை நிதியம் 2016ல யுஎன்டிபி (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) ஊடாக உலர் வலயத்துக்கு ஒரு திட்டத்துக்கு 38.1 மில்லியன் டொலர் அனுமதிச்சது, அரசாங்கத்தின்ட பங்கோட சேத்து 52 மில்லியன். மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா எண்டு மூணு ஆத்துப் படுகையில ஒண்டுக்கு ஒண்டு தண்ணி குடுக்கிற தொடர்குளங்கள திருத்துறது தான் அதின்ட மூலவேலையா இருந்தது. யான் ஓயா எங்கட மாவட்டத்தில புல்மோட்டைப் பக்கம் தான் கடல்ல விழுறது, ஆனா உங்கட வெருகலுக்கு அந்தப் படுகையில இடமில்ல, நீங்க மகாவலிக்காரர். அதோட அந்த நிதியத்திட்ட ஒரு ஊர்ச்சங்கம் நேர போய் கேக்கவும் ஏலாது, அங்கீகாரம் எடுத்த நிறுவனங்கள் தான் விண்ணப்பிக்கலாம். உங்கட பங்கு எண்டா அவங்க வாற நேரம் ஊர்ல தயாரா நிக்கிறது.

சங்கங்கள் நேர கேக்கக்கூடியது எண்டா ஜிஇஎஃப் (உலகச் சுற்றாடல் நிதியம்) சிறுமானியத் திட்டம் மாதிரி ஒண்டு, 1992ல இருந்து உலகம் முழுக்க நடக்குது, யுஎன்டிபி தான் நடத்துறது. அதில ஒரு நல்ல விசயம், உங்கட பங்களிப்பு காசா இருக்கோணும் எண்டு இல்ல, உடல் உழைப்பு, காணி, மரம், மணல் எல்லாத்தையும் கணக்குப் போட்டுக் காட்டலாம். இப்ப உங்களுக்கு வந்த நிதிக்கும் அதே மாதிரி எழுதுங்க, 78 குடும்பத்தின்ட சிரமதானம் சும்மா இல்ல, ஒரு நாள் கூலி போட்டு எழுதினா பெரிய தொகை வரும், காசு குடுக்கிற டோனருக்கு அது பிடிக்கும்.

ஆனா நான் சொல்ல வந்தது இது எல்லாம் இல்ல. காசு வாற மாசம் தான் முக்கியம். நான் வேலை செஞ்ச ஒரு இடத்தில மாரிகாலப் பெரும்போக விதைநெல்லு குடுக்கிற திட்டம், ஆவணில எழுதினது, அனுமதி ஐப்பசில, கொட்டேசன் மூணு எடுக்கோணும், கொழும்பில சைன் வைக்கிற ஆள் லீவு, நெல்லு லொறில வந்து இறங்கினது தைப்பொங்கலுக்கு முதல் நாள். அதுவும் நாலரை மாச இனம். ஊர்ல அப்ப விதைச்சவன்ட பயிர் குடலைப் பருவம், கதிர் வெளிய வரப்போற நேரம். சனம் வாங்கி என்ன செய்யும், அவிச்சு குத்தித் திண்டாங்க. ரிப்போர்ட்ல இத்தனை குடும்பத்துக்கு விதைநெல் வழங்கப்பட்டது எண்டு போனது, படமும் போனது, படத்தில சிரிச்சுக்கொண்டு மூட்டை வாங்குறது ஆரெண்டா எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா, அவருக்கு வயலே இல்ல.

அதால முதல் பக்கத்திலயே மாதக் கணக்கு போடுங்க. எங்கட விதைப்பு எப்ப, வெள்ளம் வாற மாசம் எப்ப, வீட்டில அரிசி முடியிற மாசம் எப்ப, கிணத்துத் தண்ணி வத்துற மாசம் எப்ப. இந்த மாசத்துக்குப் பிறகு காசு வந்தா இந்த வேலை வேணாம், அதுக்குப் பதிலா இந்த வேலை எண்டு ரெண்டாவது வழியையும் எழுதுங்க. இப்பிடி எழுதி வந்த புரொபோசல் நான் வேலை செஞ்ச காலத்தில ரெண்டு தான் கண்டிருக்கிறன், ரெண்டுக்கும் காசு கிடைச்சது.


கடற்கரைக் காத்து:

பழைய பீல்ட் ஒபிசர் அண்ணா நல்லா எழுதியிருக்கிறீங்க ஆனா எனக்கு இந்த விளையாட்டில நம்பிக்கை இல்ல. எங்கட ஊர்ல (குச்சவெளிப் பக்கம்) ஒரு வாய்க்காலுக்கு போட்ட பெயர்ப்பலகை இருக்கு, ஆறு அடி, கொங்கிரீட், மூணு பாசையில எழுதி மூணு லோகோ. வாய்க்கால் ரெண்டாம் மழைக்கே உடைஞ்சு போயிற்று. பலகை நிக்குது. மாடு கட்ட நல்ல வசதி.

உலக வங்கி கணக்கில டித்வாவால வந்த நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி டொலராம், அதில உங்களுக்கு 40 லட்சம் ரூபா. கணக்கு நீங்களே பாருங்க. 2022ல எகிப்தில கூடி இழப்புக்கும் சேதத்துக்கும் நிதியம் எண்டு முடிவெடுத்தாங்க, அடுத்த வருசம் துபாயில கை தட்டி ஒரு 70 கோடி டொலர் போல வாக்குறுதி குடுத்தாங்க, உலகம் முழுக்கவுள்ள சனத்துக்கு. வெருகலுக்கு அது வந்து சேர எங்கட பேரப்பிள்ளையள் புரொபோசல் எழுதுவாங்க.

உலர் உணவுப் பொதியே வாங்குங்க அக்கா, திண்டதாவது மிச்சம்.


தம்பலகாமத்து வயல்:

தங்கச்சி, நான் வயசு போன ஆள், பிழையா டைப் அடிச்சா மகள் திருத்துவா.

மேல தம்பி சொன்ன மாதிரி பொதி வாங்கித் தின்னலாம், ஆனா பொதி எத்தினை நாளைக்கு? பத்து நாள், மிஞ்சினா பதினைஞ்சு நாள். உங்கட வயித்தப் பாக்கிறதுக்கு முதல் விதையப் பாருங்க. நான் 1986 ஏப்ரல் 20 கந்தளாய்க் குளம் உடைச்ச அண்டைக்கு இளந்தாரி. அதுக்குப் பிறகு வந்த வெள்ளமும் கண்டனான், 2011 தை மாச வெள்ளமும் கண்டனான், 2016ல மாரி பொய்ச்சதும் கண்டனான். அந்தப் பெரும்போகம் எங்கட வட்டையில பாதி வயல் மாடு மேஞ்சது. ஐ.நா.வின்ட உணவு விவசாய அமைப்பும் (எஃப்ஏஓ) உலக உணவுத் திட்டமும் (டபிள்யூஎஃப்பி) வந்து 40 வருசத்தில இல்லாத வரட்சி எண்டு எழுதிச்சினம், நாடு முழுக்க நெல்லு 2016ல 44 லட்சம் தொன் விளைஞ்சது 2017ல 24 லட்சம் தொன்னுக்கு இறங்கினது. இதை ஏன் சொல்லுறன் எண்டா, ஒவ்வொரு தடவையும் பயிர் போனதால சனம் விழல்ல. அடுத்த போகத்துக்கு விதை இல்லாம, விதை வாங்க கடன்பட்டு, கடனுக்கு அறுவடையில நெல்லக் களத்திலயே குடுத்து, அதில தான் விழுந்தது.

ஏக்கருக்கு வீச்சு விதைப்புக்கு ரெண்டு புசல் வேணும். ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ. உங்கட சங்கத்தில எத்தினை ஏக்கர் எண்டு நீங்க சொல்லல்ல, ஒரு 60 ஏக்கர் எண்டு வைப்பம், 120 புசல், ரெண்டரை தொன். கிலோ 200 ரூபா போட்டாக்கூட 5 லட்சத்துக்கு சொச்சம் தான். 40 லட்சத்தில இது எட்டில ஒரு பங்கு. இதை வாங்கி ஆக்களுக்குப் பிரிச்சுக் குடுக்காதீங்க. ஊர் விதையா வையுங்க. ரெண்டு புசல் எடுத்தவர் அறுவடையில ரெண்டரையாத் தரோணும். அரைப் புசல் வட்டியில்ல, எலி தின்னுறதுக்கும் முளைக்காமப் போறதுக்கும், ஒரு வருசம் ஒருத்தராலயும் திருப்பித்தர ஏலாமப் போற வருசத்துக்கும்.

ஒரே இனம் வைக்காதீங்க. மூண்டு மாச நெல்லு, பிஜி 300 மாதிரி, கொஞ்சம் கட்டாயம் இருக்கோணும். வெள்ளம் அடிச்சு முதல் பயிர் போனா மார்கழிக் கடைசில திரும்ப விதைக்க மூண்டு மாச இனம் தான் கைகுடுக்கும், தண்ணி குறைஞ்ச சிறுபோகத்துக்கும் அது தான். உங்கட பக்கம் கடல் கிட்ட, உவர் ஏறின வயல் இருந்தா ஏடி 354 கேட்டுப் பாருங்க, அது உவர் தாங்கும். அதுக்கு முதல் கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிப்போய் வயலைக் காட்டுங்க. ஈரம் காயாத நெல்லு விதைக்கு எடுக்கவே வேணாம், பல்லுக்கிடையில கடிச்சா டக்கெண்டு முறியோணும், அமுங்கினா திருப்பி வெயில்ல போடுங்க.

வைக்கிற இடம் தான் கேள்வி. உங்கட வீட்டு மூட்டை முளைச்ச கதை வாசிச்சு எனக்கு மனம் சரியில்ல. நெல்லு வைக்கிற கட்டடம் இந்த முறை வந்த வெள்ளத்த விட ஒரு முழமாவது மேல இருக்கோணும். அதுக்கு காசு போடுங்க. சாமான் வாங்கிற காசு நாளைக்கு ஆரோ ஒருத்தர் தருவார், மேடு கட்டித்தர ஒருத்தரும் வரமாட்டார்.


கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். ஐயா சொல்லுறது சரி ஆனா எல்லாம் வயல் உள்ள ஆக்களின்ட கதை. அக்கா உங்கட 78 குடும்பத்தில வயல் இல்லாத குடும்பம் எத்தினை? நான் கேக்கிறதுக்கு காரணம் இருக்கு. எங்கட பக்கம் உப்பாத்துல இறால் பிடிக்கிறவரும் கூலிக்கு அறுவடைக்கு போறவரும் மாடு மேய்க்கிறவரும் தான் கூட. பயிர் போனா வயல்காரருக்கு காப்புறுதி எண்டு ஒண்டு இருக்கு, நெல்லு உட்பட ஆறு பயிருக்கு பிரீமியம் கட்டாம ஏக்கருக்கு ஆகக்கூடினது 40,000 எண்டு 2018ல கொண்டந்தாங்க, அது காணாது, லேட்டாகும், எண்டாலும் ஒரு பேர் இருக்கு ஒரு போம் இருக்கு. அந்த வயல்ல கூலிக்கு நட்டு களை பிடுங்கின பொம்பிளைக்கு என்ன போம் இருக்கு? அவக்கு பயிர் போன அண்டைக்கே வேலையும் போச்சு, கடையில அரிசிக் கடனும் நிண்டு போச்சு. எங்கட தாத்தா (அக்கா) ஒருத்தி மார்கழில மகள்ட காதுத் தோட்ட அடகு வச்சா, ரெண்டு கிழமை அரிசிக்கும் பால்மாவுக்கும். தோடு இன்னும் கடைக்காரன்ட தான் இருக்கு.

பசிக்கும் சந்தைக்கும் உள்ள தொடர்ப பாருங்க. மாசி பங்குனில அறுவடை நேரம் எல்லாரும் ஒண்டா விக்கிறது, ஈர நெல்ல, வியாபாரி சொன்ன விலைக்கு. 2025 பெப்ரவரில அரசாங்கம் நாட்டு நெல்லு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 எண்டு கிலோவுக்கு விலை வச்சது, ஆனா நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு குடுக்க ஈரம் 14 வீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, களம் இல்லாதவன் றோட்டில காயப்போட்டு எப்பிடி 14க்கு கொண்டாற? அதால வியாபாரிட்ட தான். பிறகு கார்த்திகை மார்கழில அதே சனம் கடையில அரிசி வாங்குறது. இது தான் பசிக்கிற மாசம், ஐப்பசில இருந்து தை வரைக்கும். வெள்ளமும் அந்த மாசத்தில தான் வாறது. வரட்சி வந்த வருசம் சிறுபோகமும் இல்ல, அப்ப பசி ஆவணிலயே தொடங்கும்.

எண்ட யோசனை, ஐயா சொன்ன விதைக்களஞ்சியத்தோட ஒரு காய வைக்கிற தளமும் போடுங்க, ஈரம் பாக்கிற மீட்டர் ஒண்டு வாங்குங்க. அதில விதையோட கொஞ்சம் தின்னுற நெல்லும் வைக்கலாம், வச்சவருக்கு அரைவாசிக் காசு முற்பணமா சங்கம் குடுக்கிற, மிச்சம் விலை ஏறினாப் பிறகு. வயலில்லாத குடும்பத்துக்கு அந்த நெல்ல ஐப்பசில கடை விலைய விட குறைச்சுக் குடுக்கலாம். அதோட வேலைக்குக் காசு ஒண்டு எழுதுங்க. 78 குடும்பத்துக்கு ஆளுக்கு 10 நாள், நாளுக்கு 2,500 எண்டா 19 லட்சத்து 50 ஆயிரம் வரும். மணல் மூடின வயல் வாய்க்கால எல்லாரும் சேந்து தோண்டலாம், காசு வீட்டுக்கு வரும், தண்ணி வயலுக்கு வரும். ஆனா வயல்காரரயும் வயலில்லாதவரயும் ஒரே மாதிரி சேக்கோணும், இல்லாட்டி ஊருக்குள்ள பிரச்சினை தான். 10 நாளையும் ஒரே மாசத்தில முடிச்சிராதீங்க, பசிக்கிற மாசத்துக்கு கொஞ்சத்த நிப்பாட்டி வையுங்க.

ஆடு வேணாம் எண்டு சொல்லல்ல, ஆனா வெள்ளத்தில ஆட்ட எங்க கட்டுற?


பழைய பீல்ட் ஒபிசர்:

நானா சொன்ன அந்த முற்பணம் விசயத்தில கவனம். சங்கம் நெல்ல வச்சு காசு குடுக்கிறது எண்டா கணக்குப் புத்தகம் வடிவா இருக்கோணும், பாங்கில ரெண்டு கையெழுத்து, பொருளாளரும் செயலாளரும் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது. நெல்லு விலை இறங்கினா நட்டம் ஆருக்கு எண்டதையும் இப்பவே எழுதி வையுங்க. முதல் வருசம் முற்பணம் வேணாம், விதையும் சாப்பாட்டு நெல்லும் மட்டும் போதும் எண்டது எண்ட அபிப்பிராயம். ஒரே வருசத்தில எல்லாத்தையும் தொடங்கின சங்கம் ரெண்டாம் வருசம் சண்டையில உடைஞ்சத நான் ஒண்டுக்கு மேல கண்டிருக்கிறன்.

சோலர் பம்ப் கேக்கிறவருக்கு ஒரு கேள்வி கேளுங்க, வெருகல் கரையில எத்தினை அடியில உவர் வருது எண்டு. எங்கட புரொஜெக்ட் ஒண்டில குழாய்க்கிணறு அடிச்சு முதல் மாசம் தேன் மாதிரித் தண்ணி, இறைக்க இறைக்க உப்புத் தண்ணி மேல வந்து மூணாம் மாசம் கத்தரிக் கண்டு இலை ஓரத்தில கருகத் தொடங்கினது. பம்ப் வேலை செஞ்சது, அதில ஒரு குறையும் இல்ல.

இன்னொண்டு மறந்திட்டன். வெள்ளம் வர முதல் செலவழிக்க ஒரு சின்னத் தொகை ஒதுக்கக் கேளுங்க, ரெண்டு மூணு லட்சம். வெள்ளம் வந்த பிறகு காசு குடுக்க ஆயிரம் பேர் வருவாங்க, முதல் நாள் ட்ரக்டருக்கு டீசல் அடிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. மகாவலில மேல்பக்கம் மனம்பிட்டியில நீர்மட்டம் எவ்வளவு எண்டு நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில அடிக்கடி போடுறது. அங்க வெள்ள மட்டம் தாண்டினா அந்தக் காச எடுத்து விதைய, மாட்ட, வயசு போன ஆக்கள மேட்டுக்குக் கொண்டு போறது எண்டு முன்கூட்டியே எழுதிக் குடுங்க. இப்ப டோனர்மார் இந்தக் கதைய விரும்பிக் கேக்கிறாங்க, முன்கூட்டிய நடவடிக்கை எண்டு பேர். பேர் புதுசு, எங்கட சனம் வானத்தப் பாத்து மாட்ட அவிழ்த்துவிட்ட வேலை தான், ஆனா இப்ப அதுக்கு காசு இருக்கு.

கடற்கரைக் காத்து தம்பிக்கு: பலகைக் கதை உண்மை. அந்தப் பலகைக்கும் பட்ஜெட்ல ஒரு வரி இருந்தது, வாய்க்காலப் பராமரிக்க ஒரு வரியும் இருந்திருக்காது. அக்கா, உங்கட பட்ஜெட்ல அந்த ரெண்டாவது வரிய மறக்காதீங்க.


கடற்கரைக் காத்து:

சரி அண்ணா, தோத்திட்டன். அக்கா பலகை கட்டாயம் வைக்கோணும் எண்டா நெல்லு மூட்டை அடுக்கிற பலகைல எழுதச் சொல்லுங்க லோகோவ. நிலத்தில இருந்து மூட்டையத் தூக்கி வைக்க பலகை எப்பிடியும் வேணும் தானே.


ஈச்சிலம்பற்று அக்கா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று திரும்ப கூட்டம் வச்சம். ஐயா, நானா, உங்க ரெண்டு பேற்ற பதிலையும் போன்ல வாசிச்சுக் காட்டினன். எழும்பி எண்ணினம், 78ல வயல் இல்லாத குடும்பம் 31. எனக்கே தெரியாது, நான் ஒரு பதினைஞ்சு எண்டு நினைச்சிருந்தன், செயலாளர் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது. வயல் உள்ளது 54 ஏக்கர், அதில 9 ஏக்கர் இப்ப மணல்.

மாதக் கணக்க ஒரு பழைய கலண்டர் பின்பக்கத்தில கீறினம். வயசான அம்மா ஒருத்தி வந்து, அரிசி முடியிற மாசத்துக்கு பச்சைப் பேனை வேணாம் சிவப்பால கீறுங்க பிள்ளை எண்டா. ஐப்பசில இருந்து தை வரை சிவப்பு. நானா சொன்னது அப்பிடியே சரி. ஆடு கேட்ட அண்ணன் இன்னும் கோவம், அவருக்கு வாய்க்கால் வேலையில கங்காணிப் பொறுப்பு குடுக்கிறம் எண்டு சொல்லியிருக்கு. தலைவி அக்காவும் சம்மதிச்சிட்டா, ஒரு நிபந்தனையோட, வெள்ளம் வாற முதல் நாள் செலவழிக்கிற காசு அவட கையெழுத்து இல்லாம வெளிக்கிடக் கூடாதாம். சாவி ஆரிட்ட எண்டதுல தான் இன்னும் முடிவு இல்ல, அது அடுத்த கூட்டம்.

பிறகு ஐயா சொன்ன மேடு விசயம். கோயில் மடத்துச் சுவர்ல வெள்ளத்தின்ட சேத்துக்கோடு இன்னும் அழியாம இருக்கு, வெள்ளை அடிக்க வந்தவர அத மட்டும் விட்டிட்டு அடிக்கச் சொல்லிட்டம். டேப் பிடிச்சுப் பாத்தம், நிலத்தில இருந்து 4 அடி 3 அங்குலம். அதால களஞ்சியத்துக்கு அத்திவாரம் 6 அடி எண்டு எழுதப் போறம். ஊர் மேசன் 6 அடிக்கு மண் நிரப்பினா சுவர் வெடிக்கும், தூண் போட்டு மேல தளம் போட்டா கீழால தண்ணி போகும், ஆனா செலவு கூட எண்டுறார். தூண்ல எழுப்பின நெல்லுக் களஞ்சியம் கட்டின ஆக்கள், இல்லாட்டி பாத்த ஆக்கள், திருகோணமலை மட்டக்களப்பு எங்கயா இருந்தாலும் பரவாயில்ல, எவ்வளவு முடிஞ்சது எண்டு மட்டும் போடுங்க. புரொபோசலுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு.